அறுபத்து நான்கு

நாலரை மணிக்கு முதலில் பார்ப்பது லத்தியை.
எட்டு உருண்டை. ஈரம் சரி.
நேற்றுத் தின்ற கொள்ளில் இரண்டு மட்டும்
முழுசாக வெளியே வந்திருக்கிறது.
பல்லைக் காட்ட வேண்டும் யாரிடமாவது.
பிறகுதான் முகம், காது, நெற்றிச் சுழி,
காலை வணக்கம் எல்லாம்.

செவலைக்கு உப்பு என்று யார் பேர் வைப்பார்கள்?
வாங்கி வந்த அன்றே
என் சட்டைக் காலரை நக்கி நக்கி
நைந்துபோகச் செய்தவளுக்கு
வேறென்ன வைப்பது.

இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தால் தொட விடமாட்டாள்.
சிப்காட் வாடை விரலிடுக்கில் இருக்கும்.
தேங்காய் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு,
மூன்று முறை கழுவிய பிறகே
முன்னங்காலை என் மடியில் வைப்பாள்.
குளம்புக் குழியிலிருந்து கொக்கி கொண்டுவருவது:
தாழங்குடா மணல், நத்தை ஓடு,
ஒருநாள் யாரோ தொலைத்த கம்மலின் திருகாணி.
அது இன்னும் என்னிடம் இருக்கிறது,
கம்மலோடு யாரும் வரவில்லை.

எதிர்வீட்டுக் கோகிலாம்பாள் கேட்டாள்,
"கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவியா?
மாப்பிள்ளை கொஞ்சம் வாட்டசாட்டம்."
எவ்வளவு என்றேன்.
தொண்ணூற்றெட்டு கிலோ.
கார் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மாசி மாதம். மணப்பட்டுச் சவுக்குத் தோப்பில்
நாற்பது கிலோமீட்டர் ஓட்டம்,
இருபது இருபதாய் இரண்டு சுற்று.
ஒவ்வொரு சுற்றின் முடிவிலும்
குதிரையின் நாடி அறுபத்து நான்குக்கு இறங்க வேண்டும்.
அதற்கு இருபது நிமிடம்.
இறங்காத குதிரைக்கு அடுத்த சுற்று கிடையாது.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம்.
பாகூர் ஏரிக்கரையில் பனி.
உப்பின் காதிரண்டும் உள்நோக்கி வளைந்து
நுனியோடு நுனி உரசிக்கொண்டன.
அவள் தோள் அசைவில் நான் எழுந்து உட்கார்ந்து எழுந்து,
வாயைத் திறந்தால் பாட்டு வந்துவிடும் போல.
ஆற்று மணலில் இறங்கி அவளோடு நடந்தேன்,
கடிவாளம் தொங்க, இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு.
எல்லாம் கணக்காகத்தான் போனது.

சோரியாங்குப்பத்தில் கடை அதற்குள் திறந்திருந்தது.
எல்லை தாண்டி வந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்
கையில் பிளாஸ்டிக் டம்ளரோடு வெளியே வந்து
விசிலடித்தார்கள், கைதட்டினார்கள்.
"அக்கா, விடுக்கா குதிரையை!"

விட்டேன்.

ஒரு கிலோமீட்டர் இருக்கும், அதிகம் போனால் ஒன்றேகால்.
முப்பத்தெட்டு வயதில்
முன்பின் தெரியாத ஆறு குடிகாரர்களுக்காக
காற்றில் முடி பறக்க.

டாக்டர் பிளான்ஷ் சவரிமுத்து
ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டார்,
வெளுத்த இடம் சட்டென்று சிவந்தது.
கழுத்துத் தோலைக் கிள்ளினார். வயிற்றில் காது வைத்தார்.
பிறகு முழங்கை இடுக்கில் ஸ்டெதாஸ்கோப்.
பதினைந்து நொடியில் பதினாறு துடிப்பு இருந்தால் போதும்.
பதினேழு.

தண்ணீர் ஊற்றினேன், வழித்தேன், மறுபடி ஊற்றினேன்.
நாயன்மாருக்கு அறுபத்து மூன்று,
கலைகளுக்கு அறுபத்து நான்கு,
உப்புக்கு அறுபத்தெட்டு.
சவுக்கு நிழலில் அவள் தலை தொங்க நின்றாள்.
இருபதாவது நிமிடத்தில் மறுபடி
பதினேழு.

அந்த ஒரு துடிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.
டாக்டர் கேட்கவில்லை.
அட்டையில் கையெழுத்துப் போட்டு,
"நல்ல குதிரை" என்றார்.
என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

டெம்போவில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்போது
அவள் வைக்கோலை இழுத்துத் தின்னும் சத்தம்
பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது.
முன்சீட்டில் நான் அழுதது
அந்தச் சத்தத்துக்காகத்தான்.

இரவு பதினொன்றுக்குப் போய் விரல் வைத்துப் பார்த்தேன்.
பதினைந்து நொடியில் ஒன்பது.
நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன். ஒன்பதுதான்.
எழுதிக்கொள்ள அட்டை இல்லை.
தவிட்டில் கல்லுப்பும் வெல்லமும் பிசைந்து வைத்தேன்,
வாளி வழிய வழிய முகத்தை உள்ளே விட்டாள்.

இடது பின்கால் லாடத்தில் ஓர் ஆணி ஆடுகிறது.
காலையில் உசேன் கனிக்கு போன் போட வேண்டும்.